கோச்சி வரும் என்று சொன்னவன்

இரண்டாவது ஷெல் வயலில் விழுகிறது. காலை ஒன்பது பத்து. முதலில் தூரத்தில் ஒரு "டும்". பிறகு வானத்தில் சீலை கிழிவதுபோல ஒரு சத்தம். பிறகு இடி. தொடக்கத்திலிருந்து முடிவுவரை பதினொரு விநாடி. எண்ணினேன்.

மேடையில் நிற்கிற சனம் என்னைப் பார்க்கிறது. நான் ரயில் ஸ்டேஷன் மாஸ்டர். வெள்ளை உடுப்பு. தொப்பி. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

"கோச்சி வரும்! எல்லாரும் சுவரோட இருங்கோ!"

அப்படித்தான் கத்தினேன்.

தம்பலகாமத்துக்கும் சீனன்குடாவுக்கும் இடையில் இருந்த சின்ன நிலையம் அது. ஒரு மேடை. ஒரு அறை. தகரக் கூரை. பின்னால் எங்கள் குவாட்டர்ஸ். நெல் மூடைகளும் தயிர்ச் சட்டிகளும் ஏறும். முன்பு ஒரு நாளைக்கு நாலு கோச்சி நின்றது. போர் தொடங்கிய பிறகு ஒன்று. அதுவும் வந்தால்தான்.

அன்று விடியவே சுற்றுக் கிராமங்களில் இருந்து சனம் ஓடி வந்துவிட்டது. தெருவால் போக ஏலாது. கண்ணிவெடி என்று கதை. கோச்சியில் ஏறினால் அரை மணித்தியாலத்தில் திருகோணமலை.

எட்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. கந்தளாயில் இருந்து, கோச்சி புறப்பட்டதைச் சொல்ல. "கோச்சி வெளிக்கிட்டுட்டுது மாஸ்டர்." ஓம் என்றேன். ஒன்பது மணிக்கு நான் திரும்ப எடுத்தேன். சத்தமே இல்லை. கம்பி அறுந்துவிட்டது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சனம் கலைந்து ஓடும் என்று பயந்தேன்.

அனீபா நானா யன்னலடிக்கு வருகிறார். கிண்ணியாக்காரர். எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில் வயல் செய்தவர்.

"மாஸ்டர், இது வராது. தண்டவாளத்தாலயே நடப்போம். றெஜினாத் தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஸ்டேஷனை விட்டிட்டு வர ஏலாது நானா. கோச்சி வெளிக்கிட்டுட்டுது."

என் மனைவி றெஜினா குவாட்டர்ஸ் குசினி வாசலில் நிற்கிறாள். இடுப்பில் மகள் நிர்மலா. நாலு வயது. "நாங்கள் ரெண்டு பேரும் அவையோட போகட்டே?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிள்ளை இந்த வெயிலில் நடக்காது என்றேன். அவள் மேடைக்குப் போனாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருந்தாள். மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அனீபா நானா குடும்பத்தோடு நடந்தார். பின்னால் பாதிச் சனம் நடந்தது. கொஞ்சத்தில் மற்றவர்களும் எழும்பினார்கள். என் சொல்லை நம்பி மிஞ்சியவர்கள் சிலர்தான். தயிர் விற்கும் செல்லம்மா அக்கா. அவருடைய தங்கச்சி. மூதூர்ப் பக்கத்து இளம் சோடி ஒன்று. அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் ஏழு மாதம். போர்ட்டர் சோமசுந்தரம் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்.

ஒன்பது இருபத்தைந்து. கோச்சி தெரிகிறதா என்று பார்க்க சிக்னல் கம்பத்தடிக்குப் போகிறேன். பாதை வெறுமையாகக் கிடக்கிறது.

"டும்."

சீலை கிழிகிறது.

"படுங்கோ! படுங்கோ!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. புழுதி. ஒரு தகரம் சுழன்று வந்து முன்னால் விழுகிறது. எழும்பி ஓடுகிறேன். மேடை இல்லை. சுவர் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. நான் இருக்கச் சொன்ன சுவர்.

கையால் கல்லைக் கிளறினேன். நகம் பிய்ந்தது பிறகுதான் தெரியும். மகளைத்தான் முதலில் கண்டேன். உடம்பில் ஒரு காயமும் இல்லை. நித்திரை என்று நினைத்தேன். தூக்கினேன். தலை நிற்கவில்லை. றெஜினாவின் கை அவளுடைய சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் விரலாக எடுத்தேன்.

கோச்சி வரவேயில்லை. தம்பலகாமத்தில் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சொல்லப் பார்த்திருப்பார்கள். கம்பி இல்லை.

நிலையத்தை மூடினார்கள். மூட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. சண்டை முடிந்த பிறகு பாதையைத் திருத்தினார்கள். இப்போது கோச்சி ஓடுகிறது. அந்த இடத்தில் நிற்பதில்லை. நான் அன்புவழிபுரத்தில் தனியாக இருக்கிறேன். கோச்சியில் ஏறுவதில்லை.

போன மாரியில் கிண்ணியாவில் அனீபா நானாவைக் கண்டேன். அவருக்கு இப்போது கண் தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடித்து என் கையைப் பிடித்தார். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"நானா, கோச்சி வராதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும் மாஸ்டர்? பயத்தில நடந்தனான்."

என் கையை அவர் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

வாசிக்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். அன்று போனவை: ஒரு கூரை, ஒரு மணி, சுவர்த் தொலைபேசி, சனம் இருக்கிற இரண்டு வாங்கு. போனவர்கள்: சோமசுந்தரம். செல்லம்மா அக்கா. அவருடைய தங்கச்சி இராசாத்தி. மூதூர்ச் சோடி, பெயர் கேட்காமல் விட்டேன். றெஜினா, இருபத்தாறு வயது. நிர்மலா.

ஏழு பேர் என்று பதிந்தார்கள். பிறக்காததையும் சேர்த்தால் எட்டு.