திரைக்குப் பின்னால் தண்ணீர் கேட்டவன்

தண்ணீர் வேண்டாம், நன்றி. பேச உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தொழில் பழக்கம். குடிநீர் நிலையத்துக்கு ஆள் எடுப்பது என் வேலை. என்னைத் தகுதி பார்த்துத்தான் எடுத்தார்கள். மாமனார் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார், அவ்வளவுதான்.

முதலில் கட்சிக்காரர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்சி அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனால் ஊருக்கே அண்ணன். கொடி கட்டியவன், நாற்காலி தூக்கியவன், மேடைக்குக் கீழே நின்று கைதட்டியவன் எல்லோரையும் என்னிடம்தான் தள்ளிவிடுவார். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. சம்பளத் தேதி மட்டும் தெரியும்.

இதைத் தடுக்கத்தான் எங்கள் துறையின் தலைமை அலுவலகம் திரை முறையைக் கொண்டுவந்தது. வேலை கேட்டு வருகிறவர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும். பெயர் கிடையாது, முகம் கிடையாது. குரலும் பதிலும் மட்டும். நவீன முறை என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். அண்ணன் ஒரே நாளில் அதில் ஓட்டை போட்டார்.

“நம்ம ஆளு வந்து உக்காந்ததும் தண்ணி கேப்பான் சார். புரிஞ்சுக்கங்க. அதுக்கு மேல கேள்வி கேட்டு அவனத் தொந்தரவு பண்ணாதீங்க.”

என்னோடு தேர்வுக் குழுவில் இருந்த இரண்டு பொறியாளர்களும் தலையாட்டினார்கள். பதவி உயர்வு வேண்டுமே.

அன்று குளோரின் அறைக்கு ஆள் எடுத்தோம். அந்த வாயு கசிந்தால் நுரையீரல் வெந்துபோகும். விவரம் தெரிந்தவன் மட்டும் நிற்க வேண்டிய இடம். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்?”

பொறியாளர் ஒருவர் தானே எழுந்து போய்க் கொடுத்தார். மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டது.

“போதுமா தம்பி? சரி, கிளம்புங்க” என்றேன்.

“கேள்வி எதுவும் கேக்கலையே சார்?”

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் நடிக்கவும் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தோம்.

வேலை கொடுத்தேன். பயிற்சி கொடுக்கவில்லை. கேள்வியே தொந்தரவு என்றால் பயிற்சி எவ்வளவு பெரிய தொந்தரவு. முகமூடிகள் இருக்கும் அலமாரியின் சாவியையும் அறை வாசலிலிருந்து எடுத்து என் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். விவரம் தெரிந்தவன் கேட்டு வாங்கிக்கொள்வான். தெரியாதவனுக்கு அந்த அறையே பாடம் சொல்லட்டும். ஒருவனுக்குச் சொன்னால் போதும், அடுத்தவனை அனுப்ப அண்ணன் யோசிப்பார். பொது நன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

வால்வு கசிந்த அன்று அவன் என் அறைக்கு ஓடி வந்தான். அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். சாதாரண முகம்.

“சார், மாஸ்க் அலமாரி சாவி குடுங்க. கேஸ் கசியுது. ஃபிட்டர் உள்ள விழுந்து கிடக்காரு.”

சாவி என் விரல்களுக்குக் கீழே இருந்தது.

“கட்சி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க தம்பி.”

“எந்தக் கட்சி சார்?”

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிக் குழாயில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, சுற்றிக்கொண்டு போனான். குனியாமல் நிமிர்ந்தே உள்ளே நடந்தான். அந்த வாயு தரையில்தான் தங்கும். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லிவிட்டான். ஃபிட்டரைத் தூக்கத்தான் குனிய வேண்டியிருந்தது. அவரை வாசலுக்கு வெளியே தள்ளினான். அவன் வரவில்லை.

ஃபிட்டர் பிழைத்துக்கொண்டார். அதையும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. வால்வு கசிந்ததற்கு முந்தைய நாளே அண்ணன் போன் செய்தார். “நம்ம பய இன்டர்வியூவுக்கே வரல சார். தூங்கிட்டானாம், தண்டம். அடுத்த தடவ பாத்துக்கலாம்.”

ஆமாம். சாவி கேட்டு வந்து நின்றவன் யாருடைய ஆளும் இல்லை என்று எனக்குத் தெரியும். சாவியைக் கொடுத்திருந்தால் என் கணிப்பு தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அவன் அக்கா நேற்று நிலையத்தின் கேட் அருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பஸ் கிடைக்காமல் வெயிலில் நடந்தே வந்தானாம். தண்ணிதான் கேட்டேன், வேலையே குடுத்துட்டாங்க என்று வீட்டில் சொல்லிச் சிரித்தானாம். சொல்லட்டும். குரலை வைத்து ஆளை எடை போடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. அது கட்சிக்காரன் குரல்தான்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. அந்தத் தண்ணீரை இப்படிக் கொடுங்கள். தாகம்தான். நீங்களாக வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.