என்னிடம் விட்டுச் செல்லப்பட்ட நோயாளி

பெயர் ஒடெட் பாப்டிஸ்ட். வயது முப்பத்தொன்று. தகப்பனார் பெயர் லூஷியன் பாப்டிஸ்ட். வசிப்பது லூசியானா மாநிலம், லாஃபயெட் நகர், பிளம் தெரு. தொழில், இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ரேமண்ட் கில்போ என்பவரின் மனைவி மருத்துவமனைமீது தொடுத்த வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டு, உண்மையே சொல்வதாக உறுதி எடுத்துக்கொண்டபின் சொல்வதாவது:

மேலே மூன்று வருடம் படித்தால் செவிலியரே மயக்கமருந்து கொடுக்கலாம். அந்தப் படிப்புக்கு நான் ஒருமுறை விண்ணப்பித்து இடம் கிடைக்கவில்லை. அந்தக் கல்லூரியில் அப்போது கறுப்பின மாணவி ஒருத்திதான் இருந்தாள், பெயர் செலஸ்டின் லாண்ட்ரி. எங்கள் ஆட்கள் இன்னும் சேர வேண்டும் என்று கல்லூரித் தலைவர் முனைவர் கேத்லீன் பிராசார் ஒரு திங்கட்கிழமை எங்களைப் போன்ற செவிலியர்களை அந்த மருத்துவமனையின் அறுவை அரங்கைப் பார்க்க அழைத்தார். எனக்கு அந்த இடம் வேண்டும், அதனால் போனேன்.

உடை மாற்றும் அறையில் கொடுத்த காகிதத் தொப்பிக்குள் என் சடைகள் அடங்கவில்லை. செலஸ்டின் தன்னுடைய மாற்றுத் துணித்தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். "இதைச் செஞ்சவன் நம்ம தலையைப் பாத்ததே இல்ல போல. போட்டுக்கோ, திருப்பித் தர வேணாம். சீட்டை மட்டும் வாங்கிடு" என்றாள். அவள் போட்டிருந்ததும் அதே துணியில் தைத்தது. செலஸ்டின் நெட்டை. நான் அவள் தோளுக்குத்தான் வருவேன். அவள் தடிமனான கண்ணாடி போடுவாள், நான் போடுவதில்லை.

அதன் பின்னர் ஆறாம் அரங்குக்குப் போனோம். பித்தப்பை அறுவைக்கு வந்திருந்த ரேமண்ட் கில்போ பெரிய உடம்புக்காரர். "முழிச்சதும் எனக்கு நம்மூர் பூடான் தொத்திறைச்சி வேணும்மா, என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். "முதல்ல முழிங்க சார், தொத்திறைச்சி எங்கயும் ஓடிப்போகாது" என்று செலஸ்டின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவரைத் தூங்க வைத்துத் தொண்டையில் மூச்சுக்கான குழாய் போட்டாள். அவளுக்கு மேற்பார்வை டெரல் ஹெபேர் என்ற மூத்த மயக்கமருந்துச் செவிலியர். அவர் என்னைச் செலஸ்டின் என்று கூப்பிட்டார். நான் ஒடெட் என்றேன். "மன்னிச்சுக்கோம்மா, முகமூடியில ஒண்ணும் தெரியல" என்றார். மறுபடியும் கூப்பிட்டபோது செலஸ்டினே, "சார், நான் இங்க இருக்கேன், ஒரு அடி ஒசரமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டு கேட்டு வந்த இடத்தில் வேறு என்ன செய்வது.

அதன் பின்னர் தொலைபேசி வந்தது. புதிய விளம்பர மடலுக்குப் படம் எடுக்கிறோம், செலஸ்டினை அனுப்புங்கள் என்று முனைவர் பிராசார் கேட்டாராம். "கேஸ் பாதியில இருக்கு சார், அப்புறம் போறேனே" என்றாள். "அட போ, நீ இல்லாம அந்தப் படத்தை அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார் ஹெபேர். அவள், தான் கொடுத்த மருந்துகளையும் மூச்சின் நிலையையும் அவரிடம் சொல்லி, "உங்க நோயாளி" என்றாள். அவர் "என் நோயாளி" என்றார். அங்கே வழக்கம் அது. அந்தப் பதில் வராமல் ஒருவர் நகரக் கூடாது. இரண்டையும் நான் காதால் கேட்டேன். அதன் பின்னர்தான் அவள் போனாள்.

நான் நன்றாகப் பார்க்க வேண்டுமென்று நோயாளியின் தலைமாட்டுக்கு அருகே வந்து நின்றேன். ஹெபேர் முதுகைக் காட்டி வேறொரு அரங்கோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துத் திரும்பியவர் என் தோளைத் தொட்டு, "ரெண்டாம் ரூம்ல கூப்பிடறாங்க. உன் நோயாளி, செலஸ்டின்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார். "சார், நான் அவ இல்ல" என்றேன். கதவு மூடிவிட்டது. "என் நோயாளி" என்று நான் சொல்லவில்லை. அவரும் அதற்காக நிற்கவில்லை.

அதன் பின்னர் அறுவை மருத்துவர் மேசையைச் சாய்க்கச் சொன்னார். அரங்குச் செவிலியர் ஒருவர் சாய்த்ததில் குழாய் தொண்டையிலிருந்து நழுவியது. எச்சரிக்கை மணி அடித்தது. மருத்துவர் தலை நிமிராமல், "அங்க என்ன ஆச்சு, பாரும்மா" என்றார். நான் பார்க்க வந்தவள் என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறைதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு செவிலியர் ஆளைக் கூப்பிட ஓடினார். எதையும் தொடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் மூச்சு முகமூடியை எடுத்துக் கில்போவின் முகத்தில் அழுத்தி அதன் காற்றுப் பையைப் பிதுக்கினேன். காற்று சரியாக உள்ளே போகவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. ஹெபேர் ஓடி வந்து, "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த செலஸ்டின்" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் குழாயைத் திரும்பப் போடுவதற்குள் இருதயம் ஒருமுறை நின்று, பிறகு ஓடியது. அப்போது செலஸ்டின் வாசலில் வந்து நின்றாள். முகமூடி கையில் இருந்தது. படத்துக்காக யாரோ உதட்டுச் சாயம் பூசிவிட்டிருந்தார்கள்.

கில்போ பிழைத்துவிட்டார். மனைவியின் பெயர் அவருக்கு இப்போது தெரியவில்லை. நோயாளியைச் செலஸ்டினிடம் ஒப்படைத்ததாகவும் அவள் சொல்லாமல் போய்விட்டதாகவும் ஹெபேர் எழுதிக் கொடுத்தார். கல்லூரி அவளை நீக்கியது. ஹெபேர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார். பொய்யாக இருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

ஒரே மாதிரித் தொப்பி போட்டிருந்தால் யாருக்கும் ஆள் மாறிப்போகும் அல்லவா என்று மருத்துவமனை வழக்கறிஞர் கேட்டதற்குச் சொல்வது: அந்த அறையில் மூன்று வெள்ளைக்காரச் செவிலியர்கள் ஒரே பச்சைக் காகிதத் தொப்பி போட்டிருந்தார்கள். மூன்று பேரையும் அவர் சரியான பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

போன வாரம் முனைவர் பிராசார் எனக்குப் போன் செய்தார். "ஒரு இடம் காலியா இருக்கு ஒடெட், அது உனக்குத்தான். உன்னை மாதிரிப் பொண்ணுங்களுக்காகத்தானே இதையெல்லாம் ஆரம்பிச்சேன்" என்றார். பிறகு, "நீ அந்த ரூம்ல இருந்தேன்னு மட்டும் சொன்னாப் போதும். ஹெபேர் உன்கிட்ட என்ன பேசினார்னு யாரும் கேக்கலேன்னா நீயா சொல்லாத" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு அந்த இடம் வேண்டும். இப்போதும் வேண்டும். ஹெபேர் நோயாளியை விட்டுப் போனது என்னிடம். அப்போது செலஸ்டின் அறையில் இல்லை.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதுமே, யாரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல. முழுவதையும் படித்துக் காட்டக் கேட்டேன். அந்த இடம் வேண்டும் என்று நான் சொன்னதை எடுத்துவிடட்டுமா என்று பதிவு செய்தவர் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

ஒடெட் பாப்டிஸ்ட்