மச்சினன் படகை ஊறப்போட்ட விவகாரம்

பெயர் கேட்கப்பட்டதற்கு, வீட்டில் வைத்த பெயரைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, உளிக்காரர் என்றால் நாய்கூட வழி காட்டும் என்று சொன்னேன். வயது ஐம்பத்து மூன்று. தொழில், சிறு மரப்படகுகள் கட்டுவதும் பழைய படகுகளைப் பழுது பார்ப்பதும். ஏரிக்கரைப் படகுக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள சந்தின் கடைசி வீட்டில், மனைவியுடனும் மனைவியின் தம்பியுடனும் வசித்து வருகிறேன். மேற்படி தம்பிதான் என் மீது புகார் கொடுத்திருப்பவர்.

மச்சினனுக்கு வயது நாற்பது. எல்லாவற்றிலும் பறப்பார் என்பதால் வீட்டில் ‘அவசரம்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வேலை கிடைக்கும்வரை தங்கிக்கொள்கிறேன் என்று வந்தவர், வேலை கிடைத்துப் பல வருடமாகியும் எங்கள் முன்னறையை விடவில்லை. அதில் மட்டும் அவருக்கு ஒரு அவசரமும் கிடையாது. சென்ற மாதம் அவருக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் நீச்சல் டீச்சர். தன்னிடம் சொந்தப் படகு இருப்பதாக இவர் அளந்துவிட, அதில் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். அதன் பின்னர் இவர் எங்கிருந்தோ ஒரு பழைய துடுப்புப் படகை வாங்கி வந்து என் தலையில் கட்டினார். கல்யாணம் நடந்தால் முன்னறை காலியாகும் என்பதால் நானும் மறுபேச்சுப் பேசவில்லை.

மேற்படி படகு வெகுகாலம் தகரக் கூரைக்கு அடியில் காய்ந்து கிடந்தது. உளுத்த பலகைகளை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்து, வண்ணமும் பூசினேன். ஆனாலும் காய்ந்த மரம் சுருங்கியிருக்கும்; ஏறி உட்கார்ந்தால் இடுக்குக்கு இடுக்கு தண்ணீர் வரும். ஆகையால் படகில் கல் ஏற்றி, கரையோரத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்போம். மரம் ஊறி உப்பி இடுக்குகள் தாமாக மூடிக்கொண்டதும், கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்து மிதக்கவிடுவோம். படகு வேலை தெரிந்த எல்லோரும் செய்வது இது. அப்படித்தான் நானும் செய்தேன். புது வண்ணத்தில் கீறல் விழக் கூடாதென்று ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் சாக்கை மடித்து வைத்தேன்.

அதன் பின்னர் மச்சினன் போன் செய்து படகு என்ன ஆயிற்று என்று கேட்டார். என் வாயில் ஆணிகள் இருந்ததால் என் மனைவி பேசினாள். “உன் படகை ஊறப்போட்டிருக்காருடா” என்றாள். அவள் சொன்னது தண்ணீரில் ஊறப்போட்டதை. இவர் புரிந்துகொண்டதோ, நான் வேலையைத் தொடாமல் கிடப்பில் போட்டுவிட்டேன் என்று. அப்போது பெண்ணும் பக்கத்தில் இருந்திருக்கிறார். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்க்கலாம் என்று அவர் சொல்ல, இருவரும் ஏரிக்கரைக்கு வந்தார்கள்.

படகு தண்ணீருக்கு அடியில் கிடப்பதைப் பார்த்ததும் இவர் தலையில் அடித்துக்கொண்டு, “ஐயோ மாமா! படகையும் முழுகடிச்சு, என் கல்யாணத்தையும் முழுகடிச்சிட்டீங்களே!” என்று அலறினார். நான் வாயைத் திறப்பதற்குள் காவல் நிலையத்துக்கு ஓடிவிட்டார். இவருக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று இவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் நான். இதை அப்படியே எழுதும்படி, இந்த வாக்குமூலத்தை எழுதும் ஏட்டையாவைக் கேட்டுக்கொண்டேன்.

அதன் பின்னர் நீச்சல் டீச்சர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, முங்கித் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, “கல்லுக்கு அடியில சாக்கு மடிச்சு வெச்சிருக்கு. முழுகடிக்கிற ஆளு மெத்தையா போட்டு வெப்பாரு?” என்றார். அந்த நேரத்தில் ஏட்டையா ஆட்களோடு வந்து, கல்லை இறக்கி, படகைத் தூக்கிக்கொண்டு போய், சாட்சிப் பொருள் என்று நிலைய முற்றத்து வெயிலில் வைத்துவிட்டார். பாதி ஊறிய பலகை வெயிலில் வெடித்துவிடும் என்று நான் கத்தியது உண்மை. ஏட்டையாவை மரமண்டை என்று சொன்னது உண்மையல்ல. படகைத்தான் மரம் என்றேன்.

அதன் பின்னர் டீச்சர் நிலையத்துக்கு வந்து, நடந்ததை ஏட்டையாவிடம் சொல்லிவிட்டு, மச்சினனைப் பார்த்து, “என்ன வேடிக்கை? போய் வாளியை எடுங்க” என்றார். அது முதல் மச்சினன் குழாயடிக்கும் முற்றத்துக்குமாக ஓடி ஓடிப் படகுக்குத் தண்ணீர் ஊற்றி வருகிறார். புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் வாளியைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டார். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், “அவசரக்காரர்தான். ஆனா சொன்னா கேக்குறாரு. எனக்குச் சம்மதம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

உடனே அவர், “அண்ணா, எனக்குப் படகு வேலை கத்துக்கணும். கல்யாணம் ஆனதும் நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுலயே இருந்துக்கறோம்” என்றார். என் மனைவி, “அதுக்கென்னம்மா, தாராளமா இருங்க” என்றாள்.

மச்சினன் மேல் எதிர்ப்புகார் கொடுக்க விருப்பமா என்று கேட்கப்பட்டதற்கு, காலையில் விருப்பம் இல்லை, இப்போது யோசிக்க வேண்டும் என்று சொன்னேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாகவே உள்ளது.

(ஒப்பம்)
உளிக்காரர்