காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில்

என் மாமனார் விருமாண்டி வந்தது சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவருக்காக என் மனைவி அஸ்வினி ஆட்டுக்கறி எடுக்கப் போயிருந்தாள். அதனால் ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும். மற்றதைச் சரியாகச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மனம் தனக்குச் சாதகமானதைக் கொஞ்சம் கூடுதலாக நினைவில் வைத்திருக்கும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் அமைதியை விரும்புகிறவன். ஆனையூரில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் ஒரு புத்தகத்தோடு உட்காருவேன். எதிரே அஸ்வினி இருந்தால் போதும், பேச வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருந்தது. பிறகு மாமனார் தன்னுடைய பழைய மாருதி எண்ணூறைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அதிலிருந்து அவள் வெளியே போய்வர ஆரம்பித்தாள். செல்லூரில் சிநேகிதி, கருமாத்தூரில் அம்மா. திரும்பும்போது சிரித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் வருவாள். நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

பழைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. காயிலிலிருந்து வரும் மின்சாரத்தை, பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கிடுவது அதன் வேலை. மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டர் இருக்கும், கட்டைவிரல் அளவு. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அது இல்லாவிட்டால் என்ஜின் சுற்றும், பிடிக்காது. எதுவும் உடைவதில்லை. திரும்ப மாட்டினால் பழையபடி ஓடும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

முதல் தடவை அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நல்ல மத்தியானம் அது. சாயங்காலம் ரோட்டரை மாட்டிவிட்டு, ஒரே திருப்பில் வண்டியைக் கிளப்பிக் காட்டினேன்.

"ஒங்க கைக்கு மட்டும் எப்படிங்க பிடிக்குது?" என்றாள்.

எதிர்வீட்டு மலையம்மாள் அதற்குப் பதில் வைத்திருந்தாள். "வண்டிக்கும் ராசி பாக்கணும்டி. சில வண்டிக்குப் பொம்பளக் கை ஆகாது." அதை நான் சொல்லவில்லை. மறுக்கவில்லை, அவ்வளவுதான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பாண்டி கோயிலுக்குப் போய்ப் பூசணிக்காய் உடைத்தோம். இரண்டுக்கும் நான்தான் ஓட்டினேன். செல்லூர் மெக்கானிக் முத்திருளன் பிளக்கை மாற்றினார், அப்புறம் காயிலை மாற்றினார். அவர் வரும் நேரத்தில் வண்டி எப்போதும் சரியாகவே இருந்தது.

"அண்ணே, இந்த வண்டி மேல குத்தஞ் சொன்னா நாக்கு அழுகிப்போகும்ணே. அக்காவுக்கும் இதுக்கும் சாதகந்தேன் ஒத்துவரல" என்றார். அஸ்வினி சிரித்தாள். அடுத்த தடவை அவர் அதையே சொன்னபோது சிரிக்கவில்லை.

இந்த நிலையில் பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கார் இருந்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அப்பாவுக்குப் போன் செய்து அழுதாள். "ராசியாவது கத்திரிக்காயாவது, நான் வாரேன்" என்று கிளம்பி வந்துவிட்டார். அன்று காலையிலேயே நான் ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தேன். அவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

அஸ்வினி கறிக்கடைக்குப் போனதும் அவர் பானட்டைத் திறந்தார். முறையாகப் பார்க்கிறவர், அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின் மேல் அணைத்துப் பிடித்தார்.

"செல்ப் அடிங்க மாப்ள."

அடித்தேன். பொறி வரவில்லை. அடுத்து காயிலிலிருந்து வரும் தடித்த வயரை உருவி இரும்புக்குப் பக்கத்தில் காட்டினார். மறுபடி அடித்தேன். நீலமாகப் பொறி தாவியது.

"காயிலு உசுரோட இருக்கு மாப்ள. அப்ப காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவுலதேன் எவனோ ஒக்காந்து திங்கிறான்."

கிளிப்பைத் தள்ளி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தார். குனிந்து, ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"இது தானா எந்திரிச்சுப் போற சாமான் இல்லையே மாப்ள."

நிமிர்ந்து என் சட்டைப் பையைப் பார்த்தார். துணி மெல்லியது.

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளா, மாமா."

"ஊரே எம் புள்ளைய ராசி கெட்டவளுன்னுச்சு. நீங்க பக்கத்துல நின்டு கேட்டுக்கிட்டுத்தேன இருந்தீக." குரலை அவர் உயர்த்தவேயில்லை. "அவ வரட்டும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிருங்க."

நியாயமான பேச்சு. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வேர்த்துக் கொட்டியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நெஞ்ச அடைக்குது. அத மாட்டுங்க. ஆசுபத்திரிக்குப் போயிருவோம்."

"மாட்டுறேன் மாமா" என்றேன்.

என் விரலெல்லாம் கிரீஸ். உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் கிரீஸ் சுலபமாகப் போகாது. துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் கதவில் சாய்ந்திருந்தார். கண் என் பையையே பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. மலையம்மாள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவருடைய கை என் கையை அழுத்தியது, பிறகு அழுத்தவில்லை. எழுந்து ரோட்டரை மாட்டி, மூடியைப் பொருத்தி, வயரையும் பிளக்கையும் அதனதன் இடத்தில் இறுக்கினேன். அதன் பிறகுதான் கூப்பாடு போட்டேன்.

அஸ்வினி கறிப் பையோடு தெருவில் ஓடிவந்தாள். வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தவள் கேட்டாள், "இப்ப மட்டும் எப்படிங்க ஓடுது?"

"உங்கப்பாதான் சரி பண்ணாரு" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கண்டுபிடித்தவர் அவர்தானே.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொண்டவன் நான். இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மாமனாரைக் கருமாத்தூரில் எரித்தார்கள். மாப்பிள்ளை செய்ய வேண்டிய முறைகளை நான் குறையில்லாமல் செய்தேன். மாமியார் அழகம்மாள் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். முத்திருளன் பட்டறைக்கு வருகிறவர்களிடம், தன்னால் முடியாததை ஒரு பஸ் டிரைவர் சாகிற நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி வாசலில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அஸ்வினி அதைத் துடைத்துச் சந்தனம் வைப்பாள், உள்ளே ஏறுவதில்லை. ரோட்டரை நான் அதன்பின் கழற்றவே இல்லை. தேவைப்படவில்லை. அஸ்வினி வீட்டில்தான் இருக்கிறாள். யாரோடும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறாள்.