இங்கு படம் மாற்றித் தறப்படும்

கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் பெயரை மாற்றுவது டீ ஆற்றுவதைவிடச் சுலபமான வேலை. படத்தின் பெயர்மேல் ஒரு தடவை அமுக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அமுக்க வேண்டும். பெயர் நீலமாகிவிடும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் மூன்று எழுத்தை அழித்துவிட்டு வேறு மூன்று எழுத்து அடித்தால் முடிந்தது. நிஜமாகவே மாற்ற வேண்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று சொன்னால் விட்டுவிடும்.

என் பெயர் நல்லுசாமி. ஊர் பாடாலூர். வயது நாற்பத்தெட்டு. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் ஐயா, "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன், கடைசியில ரேகை வச்சுடு" என்றார். எனக்கே எழுத வரும் என்று சொல்லிப் பேப்பரை வாங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

முப்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு ஓர் எழுத்து தெரியாது. கல்லுடைக்கிற வேலை. எங்கள் தெருவில் சாயங்கால வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். குவாரியிலிருந்து வந்து உடம்பு கழுவாமல்கூடப் போய் உட்காருவேன். உளி பிடித்த கை. பென்சிலைப் பிடித்தால் முனை முறிந்துவிடும். ழ எழுத வர எனக்கு ஒரு மாதம் ஆனது. பக்கத்து வீட்டு அழகேசனையும் கூப்பிட்டேன். என்னோடு ஒரே குவாரியில் வேலை பார்த்தவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "போண்ணே, எழுதுனா கல்லு லேசா உடையுமா?" என்று சிரித்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி மலர்க்கொடியும் வரவில்லை. இன்றுவரை இரண்டு பேரும் கைநாட்டுதான். இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

தோள்பட்டை போன பிறகு குவாரியில் என்னை நிறுத்திவிட்டார்கள். பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மதார் பாய் பிரவுசிங் சென்டர் போட்டிருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், பல வருஷம் சவூதியில் இருந்து திரும்பியவர். அங்கே கூட்டித் துடைக்கவும் செருப்பைப் பார்த்துக்கொள்ளவும் என்னைச் சேர்த்தார். அவர் மகள் ருமைசா பாப்பாதான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு எழுத்து தெரியும் என்று கண்டதும், ஸ்கேனரில் பேப்பர் வைத்துப் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் ஸ்கேனர் எடுக்கிற படமெல்லாம் பிஎம்பி என்று முடியும். வெளிநாட்டு வேலைக்கு மனு போடுகிற இடங்களில் ஜேபிஜி என்று முடிகிற படத்தைத்தான் வாங்குவார்கள். மற்றது அவர்கள் மென்பொருளில் திறக்காது. 2004-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜாவித் என்ற பையனின் பாஸ்போர்ட்டை நான் மாற்றிக் கொடுத்தேன். முதலில் சொன்னேனே, அந்த விதமாக. எழுத்து என்றால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. எழுத்தை மாற்றினால் பொருளும் மாறிவிடும் என்று நினைத்தேன். அந்தப் படம் துபாயில் திறக்கவில்லை. ஜாவித் வந்து சத்தம் போட்டான்.

ருமைசா பாப்பா என்னைத் திட்டவில்லை. "அண்ணே, டப்பா மேல சீனின்னு எழுதி ஒட்டுனா உள்ள இருக்கற உப்பு இனிக்குமாங்க? படத்தத் தொறந்து, சேவ் ஆஸ் குடுத்து, ஜேபிஜின்னு தேர்ந்தெடுக்கணும். அப்பத்தான் உள்ளயும் மாறும்" என்றது. அன்றைக்கே கற்றுக்கொண்டேன். பெயரை மட்டும் மாற்றிய படம் கனமாகவே இருக்கும், மெயிலில் போக அரை மணி நேரம் பிடிக்கும். நிஜமாக மாறிய படம் ஒரு நிமிஷத்தில் போய்விடும். இதுவும் அப்போதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான படங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எனக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அழகேசனின் மகள் அபிநயாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஏழு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினால் உதடு நாவற்பழம் தின்றது போல ஆகிவிடும். அதனால் மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போகாமல் உட்கார்ந்த இடத்தில் எதையாவது படித்துக்கொண்டே இருக்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன்பே படித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகிற வழியில் இருக்கும் போர்டையெல்லாம் வாசித்துக்கொண்டு வரும். உரக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம், லாரி முதுகு. நான் ஒரு போர்டை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அது மூன்று போர்டு தாண்டியிருக்கும். என் மகன் அறிவரசனுக்குப் பதினோரு வயது. எழுத்து கற்ற பெருமையில் நானே வைத்த பெயர். அவன் இன்னும் பாடப் புத்தகத்தில் விரலை வைத்துத் தேடுகிறான்.

ஒரு தடவை பஸ்ஸில் அழகேசன் என்னிடம் சொன்னான், "பாருண்ணே, ஒரு எழுத்து படிக்காதவன் வயித்துல இப்படி ஒண்ணு பொறந்திருக்கு." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். வகுப்பில் உட்கார்ந்தவன் நான். தூங்கினவன் அவன். மேலே இருந்து கொடுத்தவன் ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

2005 ஆகஸ்டில் திருச்சி டாக்டர் சொல்லிவிட்டார், தை மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று. சென்னையில் ஒரு டிரஸ்ட் வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்து கொடுக்கிறது என்றும் அவரே முகவரி கொடுத்தார். பிள்ளையின் போட்டோ, ரேஷன் கார்டு, எக்கோ எடுத்த பேப்பர், மூன்றையும் மெயிலில் அனுப்ப வேண்டும். ஜேபிஜி மட்டும். செப்டம்பர் முப்பது கடைசி. அழகேசன் நேராக என்னிடம் வந்தான். "ஒன்ன விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா அந்த மிஷின் தெரிஞ்சவங்க?" என்றான். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. நாளைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வா என்றேன்.

படம் மாற்றித் தருகிறோம் என்று கடை வாசலில் ஒரு போர்டு வைத்திருந்தோம். மதார் பாய் அதை என்னையே எழுதச் சொன்னார். கருப்புப் பலகையில் வெள்ளைச் சாக்குக் கட்டியால், ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, அளவெடுத்து எழுதினேன். என் வாழ்க்கையில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் நான் எழுதியது அது ஒன்றுதான். பதினோரு நாளாக வாசலில் இருந்தது. போகிற வருகிற எல்லாரும் படித்தார்கள். பஸ் ஏறும்போது திரும்பி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

அபிநயா அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. படியேறும் முன் நின்றது. மூச்சு வாங்கத்தான் நிற்கிறது என்று நினைத்தேன். போர்டைப் படித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"பெரியப்பா, 'தறப்படும்'னு எழுதியிருக்கீங்க. தரப்படும்னா சின்ன ர. நீங்க பெரிய ற போட்டுட்டீங்க."

உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து போர்டைப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்றார். மதார் பாய் கல்லாவில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"புள்ள சொல்றது சரிதான் நல்லுசாமி. நாங்களும் இத்தன நாளா கவனிக்கல பாரு" என்றார்.

"எம்மவ சொன்னா சரியாத்தாம்ணே இருக்கும்" என்றான் அழகேசன். அந்தப் போர்டில் ர எது, ற எது என்று தொட்டுக் காட்டச் சொன்னால் அவனால் முடியாது. அவன் சிரித்தான். உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். ருமைசா பாப்பா பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, "நீயே எங்களுக்கு டீச்சரா வந்துடு" என்றது.

நான் எச்சில் தொட்டு அந்த எழுத்தை அழித்தேன். கட்டை விரலால். ரேகை வைக்கிற விரல். சின்ன ர போட்டேன். பிள்ளை பக்கத்தில் நின்று, "இப்பச் சரி பெரியப்பா" என்றது. அது மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பிறகு உள்ளே போய் மூன்று பேப்பரையும் ஸ்கேன் செய்தேன். ருமைசா பாப்பா மத்தியான லுகர் தொழுகைக்கு வீட்டுக்குப் போயிருந்தது. பிள்ளை என் பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு திரையில் இருப்பதை வாசித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஆங்கிலம் அதற்கு இன்னும் வரவில்லை. பெயர்மேல் அமுக்கி, பொறுத்து, இன்னொரு தடவை அமுக்கி, மூன்று எழுத்தை மாற்றினேன். நிஜமாகவே மாற்ற வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மூன்று படத்துக்கு மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

மெயில் போக அரை மணி நேரம் ஆனது. "என்னண்ணே இவ்ளோ நேரம்?" என்றான் அழகேசன். சென்னை தூரம் இல்லையா என்றேன். அவன் தலையாட்டினான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பன்னும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினான்.

நாலு நாளில் டிரஸ்டிலிருந்து பதில் வந்தது. ஆங்கிலம்தான். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் படம், திறக்கவில்லை, ஜேபிஜி, மறுபடி அனுப்பு என்ற வார்த்தைகளைத் தினமும் பார்க்கிறவன் நான். அதே படங்களை அதே மாதிரி திரும்ப அனுப்பினேன். செப்டம்பர் இருபத்தாறில் இரண்டாவது பதில். அதில் முப்பதாம் தேதியைக் கருப்பாக அழுத்தி எழுதியிருந்தார்கள். நல்ல மனிதர்கள். அதற்கு நான் பதில் போடவில்லை. அக்டோபரில் மூன்றாவது. இந்த வருஷப் பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் மனு செய்யலாம் என்று இருந்தது.

வாரா வாரம் அழகேசன் கேட்பான், "பதிலு வந்துச்சாண்ணே?" இன்னும் இல்லை என்பேன். மலர்க்கொடி குழம்பு வைத்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும். தீபாவளி கழித்து, இந்த வருஷம் கிடைக்கவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அது உண்மைதான். இத்தனையிலும் ஒரு பொய் எழுத்துக்கூட நான் எழுதவில்லை. அனுப்பியதும் அந்தப் பிள்ளையின் படங்களைத்தான்.

அது சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் அது பஸ்ஸில் சத்தம் இல்லாமல் வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். கார்த்திகைக்குப் பிறகு அதற்குப் படிக்க மூச்சு பத்தவில்லை. பஸ்ஸில் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு போர்டுகளை வெறுமனே பார்த்துக்கொண்டு வரும். உதடு மட்டும் அசையும். நான் ஒவ்வொரு போர்டாக நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி பிள்ளை இறந்தது. இந்தச் சொல்லுக்குப் பெரிய ற.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அழகேசன் என்னிடம்தான் வந்தான். மனுவுக்காக எடுத்த போட்டோ கம்ப்யூட்டரிலேயே இருந்தது. திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, ஜேபிஜி தேர்ந்தெடுத்து, அச்சகத்துக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் போனது. அங்கே முதல் தடவையே திறந்தது. தோற்றம், மறைவு என்று நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டிலும் பெரிய ற. பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் மாதம் டிரஸ்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. குழந்தை எப்படி இருக்கிறாள், மறுபடி மனு செய்ய மறந்துவிட வேண்டாம் என்று. அன்றைக்கு மெயிலைத் திறந்தது ருமைசா பாப்பா. பழையதையெல்லாம் கீழே வரைக்கும் படித்தது. நான் அனுப்பிய படங்களின் கனத்தைப் பார்த்தது. நாற்காலியை என் பக்கம் திருப்பியது.

"அண்ணே, இதுல பேரை மட்டும்தான் மாத்துனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க? ஜாவித் பாஸ்போர்ட்டுலயும் ஒரு தடவ அப்படித்தானே ஆச்சு. தெரியாமத்தான்னு சொல்லுங்கண்ணே."

ஐயா, அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கல்லுடைத்தவன், பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று விட்டிருப்பார்கள். பாப்பா அதைத்தான் எதிர்பார்த்தது. அதன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் சேவ் ஆஸ் எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக அந்த வேலையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறேன். தெரியாதவன் என்று இனிமேல் ஒருத்தர் வாயால் கேட்க நான் தயாராக இல்லை.

"தெரிஞ்சுதான் பாப்பா" என்றேன்.

மதார் பாய்தான் அழகேசனிடம் சொன்னார். அவன் சம்மட்டியோடு வருவான் என்று நினைத்து வாசலிலேயே நின்றேன். வெறுங்கையோடு வந்தான். "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டான். மறுபடி ஒரு தடவை, "ஏண்ணே?" என்றான். எனக்கு வாயில் பதில் வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்து பேப்பர் கேட்டேன்.

இதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாராவது இதை அழகேசனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவன் வீட்டில் படிக்கத் தெரிந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.