வரிசையில் கடைசி ஆள்

விடிய இன்னும் நேரம் இருக்கு. இலான் மலைல பழைய மரம் வெட்டுற ரோடு... இப்ப வண்டி எதுவும் போறதில்ல, பாதி ரோடு சரிஞ்சு ஆத்துல கிடக்கு. அந்த இருட்டுல மூணு டார்ச் மட்டும் போகுது. முன்னாடி யாயுட். நடுவுல சு-லான். கடைசில போ-யென்.

என் கூட வேலை பாக்குற ஹுய்-பிங் இருக்காளே, அவ கொழுந்தன்தான் இந்த போ-யென். புளுகுற ஆள் இல்ல. புளுகத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் பெரிய வேலைல இருந்திருப்பான்னு ஹுய்-பிங்கே சொல்லுவா. சு-லான் அவன் பொண்டாட்டி. அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட முடியல. உச்சில ஏரிங்க கொத்துக் கொத்தா இருக்கு, ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாம்னு நச்சரிச்சுக் கூட்டிட்டு வந்தது இவன்தான். அதனால அன்னிக்கு அவன் மனசுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. இவளைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும்.

வழிகாட்ட வந்த யாயுட் அந்த மலையிலயே பொறந்து வளந்தவ, அதயால்ங்கிற மலைவாழ் இனத்துப் பொண்ணு. பாதை ஆரம்பிக்கிற எடத்துல கொஞ்சம் அரிசிச் சாராயத்தைத் தரையில தெளிச்சா. பாக்கு ஒண்ணு வெச்சா. அப்புறம் கண்டிஷன் போட்டா.

"நான் முன்னாடி பாத்துச் சொல்லுவேன். வேர்னா வேர், குழின்னா குழி. சு-லான், நீ அதை அப்படியே பின்னாடி சொல்லு. போ-யென், நீ கடைசி ஆள். நீ பின்னாடி திரும்பிச் சொல்லாத. சேதி வந்து சேந்ததுக்கு அடையாளமா 'வந்துருச்சு'ன்னு எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு. அதோட முடிஞ்சுது."

"மூணு பேருக்கு இவ்ளோ கெடுபிடியா அக்கா?"ன்னான் போ-யென்.

"மூணு பேர்தான்னு தெரிய வேண்டியவங்களுக்குத் தெரியட்டும்."

சொல்லிட்டு அவ பாட்டுக்கு நடந்துட்டா.

ஏத்தம்னா ஏத்தம், அப்படி ஒரு ஏத்தம். வேரைப் பிடிச்சு, கயித்தைப் பிடிச்சு, ரப்பர் பூட்ஸ்ல சேறு ரொம்பி... சு-லான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினா. மத்தியானம் மேல போய்ச் சேந்தாங்க. புல்வெளி. அதுல அங்கங்க ஏரி, தண்ணி அசையவே இல்ல. சோத்து உருண்டை, இஞ்சி டீ. "பரவால்ல, உன்னை மன்னிச்சுட்டேன்"னு சு-லான் சிரிச்சா. அந்தச் சிரிப்பைப் பத்தி போ-யென் இன்னிக்கும் சொல்லுவான்.

அப்புறம் பனிமூட்டம் வந்தது. ஏரிங்க ஒவ்வொண்ணா காணாமப் போச்சு. "கிளம்பு, கிளம்பு"ன்னா யாயுட்.

எறக்கத்துல சு-லானோட செவப்புப் பை மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியுது. முன்னாடி எங்கயோ யாயுட் குரல். "வேர்!" சு-லான் சொன்னா, "வேர்!" இவன்... இவன் ஆபீஸ் கூட்டத்தோட மலை ஏறுறவன். நாப்பது பேர் போவாங்க, இவன் எப்பவும் நடுவுலதான். கண்ணு சு-லான் முட்டி மேல. வாய் பழக்கத்துல திரும்பிச் சொல்லிடுச்சு.

"வேர்!"

பின்னாடி... "வேர்."

மெதுவா. சாதாரணமா. வேலை செஞ்சு அலுத்துப் போன ஆள் சொல்ற மாதிரி. அதுக்குப் பின்னாடி, கொஞ்சம் மேல, இன்னொருத்தர், "வேர்." அதுக்கும் மேல, "வேர்." "வேர்..." சின்னதாகி, சின்னதாகி, மலை மேல போய்க்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சு, ஏரிப் பக்கத்துலேருந்து ஒரு குரல்.

"வந்துருச்சு."

எதிரொலின்னு நெனைக்கப் பாத்தான். சொல்லாத வார்த்தையை எதிரொலி எப்படிச் சொல்லும்? அப்பதான் வாசனை. புதுசா அறுத்த மரத்தூள் வாசனை... அங்க மரம் வெட்டுறதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு.

யாயுட் நின்னுட்டா. திரும்பல.

"போ-யென், என்ன பண்ணித் தொலைச்ச?"

"பழக்கத்துல... அக்கா, நான்..."

"இனிமே யாரும் வாயைத் தெறக்காதீங்க. நடங்க. என்ன ஆனாலும் அவளைக் கடைசில விட்டுடாத."

நடந்தாங்க. சொல்ல ஆள் இல்லாததால ஒவ்வொரு வேரும் வழுக்குது. சு-லான் ரெண்டு தடவை விழுந்தா. கொஞ்சம் உக்காரலாமான்னு சைகை காட்டினா. இவன் முதுகுல கை வெச்சுத் தள்ளினான். வாழ்க்கைல அவளை அப்படித் தள்ளினதில்ல. பின்னாடி பூட்ஸ் சத்தம். சேத்துல... ப்ளச்... ப்ளச். இவன் நின்னா அதுவும் நிக்குது. ஆனா ஒரேயடியா நிக்கல. ஒருத்தர் நின்னு, அடுத்தவர் நின்னு, அதுக்கு அடுத்தவர்... நீளமான வரிசை எப்படி நிக்குமோ அப்படி.

அப்பதான் குறுக்க ஒரு மரம். விழுந்து கிடக்கு, நெஞ்சு உயரம், பூரா பாசி. யாயுட் தாண்டிப் போயிட்டா, மூட்டத்துல ஆளே தெரியல. கூப்பிடலாம்... கூப்பிட்டா அது பின்னாடி வரைக்கும் போகுமேன்னு பயம். சு-லானால காலைத் தூக்க முடியல. கீழேருந்து தள்ளிப் பாத்தான், அழுதுட்டா. அந்தப் பக்கம் நின்னு இழுத்தாத்தான் வருவா.

ஒரே நிமிஷம்தானே. தாவிட்டான். தாவின கையோட திரும்பிக் கையை நீட்டினான். அவ கை வந்தது. சூடா இருந்தது, அவளோட கைதான். இழுத்தான். மரத்து மேல ஏறி உக்காந்துட்டா. இவனுக்கு உசிரே வந்தது.

நம்ம ஊர்ல மலை ஏறுறவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கில்ல? கஷ்டமான எடத்தைத் தாண்டினா, திரும்பி அடுத்தவருக்குக் கை குடுக்கணும். முன்னப்பின்ன தெரியாதவரா இருந்தாலும் குடுப்போம்.

சு-லான் திரும்பினா. மூட்டத்துக்குள்ள கையை நீட்டினா.

"பாத்து வா... வழுக்குது."

இவன் "வேண்டாம்"னு கத்தறதுக்குள்ள அவ கை விறைச்சுது. தோள்பட்டை கீழ எறங்குச்சு. நல்ல கனமான ஆளை இழுக்குற மாதிரி, மூச்சைப் பிடிச்சு இழுத்தா. மரம் கிறீச்சுன்னுச்சு. அப்புறம் கையைப் பேண்ட்ல தொடைச்சுக்கிட்டு எறங்கி வந்தா. கண்ணுல வலியே இல்ல. போ-யென் அவளை முன்னாடி விட்டு, பின்னாடியே கெட்டியா ஒட்டிக்கிட்டு வந்தான். பூட்ஸ் சத்தம் நின்னுடுச்சு. வாசனையும் போயிடுச்சு. அப்பப்ப அவ திரும்பி, "முட்டி பரவால்ல, கவலைப்படாத"ன்னா. நொண்டவே இல்ல. தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தது அவனுக்கு. யாயுட் மட்டும், கீழ நிறுத்தியிருந்த வண்டிக்குப் போற வரைக்கும் சு-லான் மூஞ்சியைப் பாக்கவே இல்ல.

லோதுங் டவுன்ல வீடு. வந்து குளிச்சாங்க. சு-லான் நூடுல்ஸ் வெச்சா, மேல பச்சை வெங்காயம் தூவி, முட்டை போட்டு. "போ-யென், ஆறிடும், வா"ன்னு கூப்பிட்டா. பசி இவனுக்கு. போய் உக்காந்தான்.

அவ இவனைப் பாக்கல. இவன் தோளுக்குப் பின்னாடி பாத்துச் சிரிச்சா. பக்கத்துல காலியா இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு போ-யென்"னா. அந்த நாற்காலிக்கு நேரா ஒரு கிண்ணம். தனக்கு ஒண்ணு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சு, அடுப்படிக்குப் போய் இன்னொரு கிண்ணம் கொண்டு வந்து இவன் முன்னாடி வெச்சா.

வெச்சுட்டு, மரியாதையா, ரொம்பப் பாவப்பட்டுக் கேட்டா.

"சாப்பிடுங்க... மலைதான் எறங்கியாச்சே. நீங்க இன்னும் உங்க வீட்டுக்குப் போகலையா?"