சூடேறிய எஞ்சின்

“எஞ்சின் நல்லா சூடாகுதுக்கா, ரொம்ப தேங்க்ஸ்!”

டிசம்பர் காலை. வெளிமாநிலத்தில், குளிர் கூடிய வாகட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்.

“அப்போ எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட் இல்லவே இல்லையா?”

“ஆமாக்கா, நீங்க சொன்ன மாதிரியேதான். நம்ம வெயிலுக்கு இது எதுக்குன்னு சென்னை மெக்கானிக் கழட்டி வீசியிருக்கான். இங்க எவ்வளவு ஓட்டினாலும் சூடு காட்டுற முள்ளு ஏறல. ஹீட்டர்ல ஜில்லுன்னு காத்துதான். புதுசு போட்டாச்சு. இன்னைக்குத்தான் பாப்பா அழாம க்ரெச்சுக்குப் போனா.”

“பாவம் புள்ள.”

“வண்டியப் பாக்காமலே எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?”

“எங்க கார்லயும் மதுரையில அதையேதான் பண்ணி அனுப்பினாங்க. ரெண்டு குளிர்காலம் நடுங்கின பிறகுதான் தெரிஞ்சுச்சு.”

“நீங்க நடுங்கினதுக்கும் சேர்த்து தேங்க்ஸ்க்கா.”